நடுக்கோடும் இடைநிலை அளவும்: மூன்று ரங்கங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

குடகு மலையில் பிறந்து கீழ்க்கடலை நோக்கிச் செல்லும் காவேரி நதி தன் இரு கிளைகளால் வளைத்து உண்டாக்கிய தீவுகளுள் மூன்றில் அரங்கநாதப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார் என்பதும், அவற்றுள் மைசூருக்கு அருகிலுள்ள ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதி ரங்கம், சிவனசமுத்திரம் மத்திய ரங்கம், திருச்சிராப்பள்ளியை அடுத்த ஸ்ரீரங்கம் அந்திய ரங்கம் என்று பெயர் பெற்றிருப்பதும் தென்னாட்டு வைஷ்ணவர்கள் நெடுங்காலமாகப் போற்றிவரும் சம்பிரதாயம். ஆனால் நிலப்படத்தை விரித்துவைத்துப் பார்ப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பே. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து சிவனசமுத்திரத்துக்கு நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரமே உள்ளது. சிவனசமுத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கோ ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஒரு முனைக்கு இவ்வளவு சமீபத்திலும் மறுமுனைக்கு இவ்வளவு தொலைவிலும் இருக்கும் தலத்தை மத்தியம் என்று சொல்வது எந்தப் பிரமாணத்தைக் கொண்டு?

வரிசை என்னும் பிரமாணத்தைக் கொண்டுதான். நதியின் போக்கில் இறங்கி வருகிறவருக்கு முதலில் ஒரு ரங்கம், கடைசியில் ஒரு ரங்கம். இவ்விரண்டுக்கும் இடையே எதிர்ப்படுவது மத்திய ரங்கம். அது எவ்வளவு தூரத்தில் எதிர்ப்படுகிறது என்பது அந்தப் பெயருக்குப் பொருட்டே அல்ல. தூரத்தைக் கணக்கில் கொண்டு நடுவைத் தேடுபவர் வேறொரு பிரமாணத்தைக் கைக்கொள்கிறார். அதைச் சமநிலை என்று சொல்லலாம். எண்களிலும் உருவங்களிலும் நடு எது என்று மனிதர் கேட்டுவந்த கேள்விகள் எல்லாம் இந்த இரண்டு பிரமாணங்களுள் ஒன்றில் சென்று முடிகின்றன. நம் பள்ளிப் புத்தகங்களில் முக்கோணத்தின் நடுக்கோடு வடிவியல் அத்தியாயத்திலும், இடைநிலை அளவு புள்ளியியல் அத்தியாயத்திலும், ஒன்றை மற்றொன்று அறியாததுபோல் வைக்கப்பட்டிருக்கின்றன; ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதனால் அம்மொழியில் படிப்பவர்கள் இரண்டும் ஒரு குடும்பம் என்று எண்ணி ஆறுதல் கொள்கிறார்கள். பிரித்துவைப்பதும் சரியன்று, ஒன்றாக்கிவிடுவதும் சரியன்று என்பதே என் அபிப்பிராயம். நடுக்கோடு சமநிலையைச் சேர்ந்தது. இடைநிலை அளவு வரிசையைச் சேர்ந்தது. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் சந்தித்து, அங்கிருந்து பிரிகின்றன. அந்தச் சந்திப்பையும் பிரிவையும் விளங்கிக்கொள்வதுதான் இந்தப் பொருளின் சாரம்.

முதலில் முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து எதிர்ப் பக்கத்தின் மையப்புள்ளிக்கு இழுக்கும் கோடு நடுக்கோடு. மூலைகள் மூன்றானபடியால் நடுக்கோடுகளும் மூன்று. அவை மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன, அந்தப் புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் மூலைப் பக்கம் இரண்டு பங்காகவும் அடிப் பக்கம் ஒரு பங்காகவும் பிரிக்கிறது. இதை க்ஷேத்திர கணித முறையில் நிரூபிக்க வழிகள் பல உண்டு எனினும், கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் சமதளங்களின் சமநிலையைப் பற்றி எழுதிய நூலின் மார்க்கமே உண்மையின் உள்ளே நம்மை அழைத்துச் செல்கிறது. அதன் சாயலில் நாமே இப்படி யோசிக்கலாம்: மூன்று மூலைகளிலும் சம எடையுள்ள கற்களை வைத்ததாகக் கொள்வோம். இரண்டு மூலைகளில் உள்ள இரு கற்களை அவற்றின் நடுப்புள்ளியில் வைத்த இரட்டைக் கல்லாக மாற்றினாலும் சமநிலை மாறாது. இப்போது மீந்திருப்பது ஒரு மூலையில் ஒரு கல்லும், எதிர்ப் பக்கத்து மையத்தில் இரண்டு கல்லும். இவை சமன்படும் இடம், இரண்டையும் சேர்க்கும் நடுக்கோட்டின்மேல், இரட்டைக் கல்லுக்கு அருகே, 2:1 என்ற விகிதத்தில்தான் அமைய முடியும். எந்த மூலையிலிருந்து இந்த யோசனையைத் தொடங்கினாலும் மூன்று கற்களின் சமநிலைப் புள்ளி ஒன்றே ஆகையால், மூன்று நடுக்கோடுகளும் அப்புள்ளியில் கூடியே தீரவேண்டும். நடுக்கோட்டு மையம் என்பது அதுதான். மூன்று மூலைகளின் சராசரி ஸ்தானம் என்று அதைச் சொல்வது பொருந்தும். கனமான அட்டையில் முக்கோணம் ஒன்றை வெட்டி அந்தப் புள்ளியில் ஊசிமுனையால் தாங்கினால் அட்டை சாயாமல் நிற்பதை எந்தக் குழந்தையும் செய்து பார்க்கலாம்.

இதோடு நின்றிருந்தால் நடுக்கோட்டுக்கும் இடைநிலை அளவுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் நடுக்கோட்டுக்கு மற்றொரு குணமும் உண்டு: அது முக்கோணத்தின் பரப்பைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. ஒரே உயரமும் சமமான அடிப்பக்கமும் உடைய இரு முக்கோணங்கள் அதன் இருபுறமும் அமைவதே காரணம். சரிபாதியாகப் பிரிப்பதோ இடைநிலை அளவின் லக்ஷணம். ஒரு ஜனத்தொகையை வருமான வரிசையில் நிறுத்தி, பாதிப்பேர் இந்தப் பக்கம், பாதிப்பேர் அந்தப் பக்கம் என்று வகுக்கும் எல்லையே அது. ஆக, ஒரு தனி நடுக்கோட்டைப் பொறுத்தமட்டில் வரிசையும் சமநிலையும் ஒன்றாகவே நிற்கின்றன. முன்னே சொன்ன சந்திப்பு இதுவே.

பிரிவைக் காண்பதற்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சுற்றியுள்ள வயல்வெளிகளுக்கே போகலாம். சிக்கதேவராய வாய்க்காலும் விரிஜா வாய்க்காலும் பாயும் அந்த நெல், கரும்பு நிலங்களில், வாய்க்கால் வளைவுக்கும் சாலைக்கும் இடையே அகப்பட்டு முக்கோணமாகிவிட்ட ஒரு துண்டு நிலம் இருப்பதாகவும், அதை அண்ணன் தம்பி இருவர் சமமாகப் பாகம் செய்துகொள்ள விரும்புவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு மூலையிலிருந்து எதிர் வரப்பின் மையத்துக்கு நடுக்கோடு இழுத்தால் பாகம் சரியாகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் இருவர் நிலமும் கூர்முனையாக ஒடுங்கும். ஏர் திரும்ப இடமிராது. ஆகவே வாய்க்காலை ஒட்டிய அடிவரப்புக்கு இணையாகக் குறுக்கு வரப்பு போடுவது நலம் என்று ஒருவர் யோசனை சொல்லக்கூடும். அந்த வரப்பை எங்கே போடுவது? நடுக்கோட்டு மையம்தானே நிலத்தின் நடு என்று எண்ணி அதன் வழியே போட்டால் கூர்முனைப் பக்கத்துக்காரருக்கு ஒன்பதில் நான்கு பங்கும், அடிவரப்புப் பக்கத்துக்காரருக்கு ஒன்பதில் ஐந்து பங்கும் சேர்ந்து, சகோதரர்களுள் ஒருவர் நஷ்டமடைவார். நிலத்தின் உயரம் அறுபது மீட்டர் என்றால், நடுக்கோட்டு மையம் முனையிலிருந்து நாற்பதாவது மீட்டரில் இருக்கிறது. சரிபாதியாக்கும் வரப்போ ஏறக்குறைய 42.4 மீட்டரில், அதாவது அறுபதை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த இடத்தில், போடப்பட வேண்டும். இந்த 40 நிலத்தின் சராசரி ஸ்தானம், அந்த 42.4 நிலத்தின் இடைநிலை ஸ்தானம். ஒரே நிலத்தில், ஒரே திசையில், இரண்டு நடுக்கள். எங்கு நிலம் ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்று சமச்சீர் குலைகிறதோ அங்கு சமநிலையும் சரிபாதியும் பிரிந்துவிடுகின்றன. ஒடுங்கிய முனையின் பக்கம் சராசரி சற்று இழுக்கப்பட்டு நிற்கிறது. சமுதாயத்தின் வருமானக் கணக்குகளில் சிலருடைய பெருஞ்செல்வத்தால் சராசரி மேலே இழுக்கப்படுவதாகப் பொருளாதார அறிஞர்கள் சொல்லும்போது, அவர்கள் சொல்வது இந்த முக்கோண வயலில் நாம் கண்ட அதே உண்மையைத்தான். இந்த ஓர் உதாரணத்தை இரண்டு அத்தியாயங்களிலும் வைத்துக் கற்பித்தால் மாணவர்களுக்கு எவ்வளவு தெளிவு உண்டாகும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

சராசரி ஏன் இழுபடுகிறது, இடைநிலை அளவு ஏன் அசையாமல் நிற்கிறது என்பதை மீண்டும் ரங்கங்களைக் கொண்டே ஆராயலாம். மூன்று ரங்கங்கள் என்பதன்றிப் பஞ்சரங்கம் என்று ஐந்து தலங்களைச் சொல்லும் வழக்கும் நம் நாட்டில் உண்டு: ஸ்ரீரங்கப்பட்டணம், ஸ்ரீரங்கம், திருப்பேர்நகர் என்னும் கோவிலடி, குடந்தை, மாயவரத்துத் திருஇந்தளூர். காவேரியின் போக்கில் இவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் மூன்றாவதாக நிற்பது கோவிலடி. ஸ்ரீரங்கத்தைத் தொடக்கமாக வைத்து, கிழக்கே உள்ளவற்றைக் கூட்டலாகவும் மேற்கே உள்ளதைக் கழித்தலாகவும் தோராயமாகக் கணக்கிட்டால், கோவிலடி 20, குடந்தை 75, இந்தளூர் 105, ஸ்ரீரங்கப்பட்டணமோ கழித்தல் 280 கிலோமீட்டர். இவற்றின் கூட்டுச் சராசரி கழித்தல் 16. அதாவது ஐந்தில் நான்கு தலங்கள் ஸ்ரீரங்கத்திலும் அதற்குக் கிழக்கிலும் இருக்க, அவற்றின் சராசரி ஸ்தானம் ஸ்ரீரங்கத்துக்கும் மேற்கே, ரங்கம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் போய் விழுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் இன்னும் நூறு கிலோமீட்டர் மேற்கே தள்ளி இருந்திருந்தால் அந்தச் சராசரியும் இருபது கிலோமீட்டர் மேற்கே நகர்ந்திருக்கும். கோவிலடியோ மூன்றாவது ஸ்தானத்திலிருந்து இம்மியும் பெயர்ந்திராது. குடந்தைக்குப் பதிலாகச் சீர்காழிப் பக்கத்து வடரங்கத்தைச் சொல்வோரும் உளர். பட்டியலை அவ்வாறு மாற்றினாலும் நடுவில் நிற்பது கோவிலடியே. கோடியிலுள்ள ஒன்று எத்தனை தூரம் விலகினாலும், கணக்கெடுத்தவர்களுக்குள் ஒன்றிரண்டில் கருத்து வேறுபாடு இருந்தாலும், இடைநிலை அளவு குலைவதில்லை என்பதே அதன் பெருமை.

இதனினும் ஆழமான ஒரு குணம் அதற்கு உண்டு. ஒரு தெருவில் ஒரே வரிசையாக ஐந்து வீடுகள், ஒழுங்கற்ற இடைவெளிகளுடன் இருக்கின்றன. குடிநீர்க் குழாய் ஒன்றை, ஐந்து வீட்டாரும் நடக்கும் தூரங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும்படி எங்கே நிறுத்துவது? மூன்றாவது வீட்டு வாசலில் என்பதே விடை. அங்கிருந்து ஓர் அடி வலப்புறம் நகர்த்தினால் இரண்டு வீட்டாருக்கு ஓரடி மிச்சமாகும், மூன்று வீட்டாருக்கு ஓரடி அதிகமாகும். இடப்புறம் நகர்த்தினாலும் அவ்வாறே. ஆகவே தூரங்களின் மொத்தத்தை மிகச் சிறியதாக்கும் ஸ்தானம் இடைநிலை அளவு. தூரங்களின் வர்க்கங்களுடைய மொத்தத்தை மிகச் சிறியதாக்கும் ஸ்தானம் சராசரி. தொலைவை வர்க்கப்படுத்தும்போது இரு மடங்கு தொலைவு நான்கு மடங்காகவும், பத்து மடங்கு தொலைவு நூறு மடங்காகவும் பெருகிவிடுவதனால்தான் எட்டத்தில் கிடக்கும் ஒன்று சராசரியைத் தன் பக்கம் அவ்வளவு வலிமையாக இழுக்கிறது.

இந்தத் தெளிவோடு முக்கோணத்துக்குத் திரும்பினால், நாம் கேட்கவேண்டிய கேள்வி தானே புலப்படும். மூன்று மூலைகளிலிருந்தும் தூரங்களின் வர்க்கத் தொகையை மிகச் சிறியதாக்குவது நடுக்கோட்டு மையம். அப்படியானால் தூரங்களின் தொகையையே மிகச் சிறியதாக்கும் புள்ளி எது? பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா பதினேழாம் நூற்றாண்டில் இப்பிரச்சினையை எழுப்பினார். இத்தாலியரான டாரிச்செல்லி அதற்கு விடை கண்டார். அவருடைய சிஷ்யர் விவியானி 1659-ல் அதை அச்சில் வெளியிட்டார். மூன்று மூலைகளையும் நோக்கி அப்புள்ளியிலிருந்து கோடுகள் இழுத்தால் அவை ஒன்றுக்கொன்று 120 பாகையில் விரிந்து நிற்கும் என்பது விடை. முக்கோணத்தின் ஒரு கோணமே 120 பாகை அல்லது அதற்கு மேற்பட்டதாக இருந்துவிட்டால், வேறெங்கும் தேட வேண்டியதில்லை, அந்த மூலைதான் அப்புள்ளி. இடைநிலை அளவைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது இந்தப் புள்ளியே. நடுக்கோடுகள் கூடும் மையத்தை அல்ல, இதைத்தான் முக்கோணத்தின் உண்மையான இடைநிலை ஸ்தானம் என்று சொல்ல வேண்டும்.

மூன்று ரங்கங்களும் காவேரியின் வளைவினால் ஒரு நேர்கோட்டில் இல்லாமல் ஒடுங்கிய முக்கோணமாக அமைந்திருக்கின்றன. அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிட்டால், மத்திய ரங்கத்தில் அமையும் கோணம் ஏறத்தாழ 150 பாகை. அது 120-க்கு மேற்பட்டதாகையால், மூன்று ரங்கங்களுக்கும் தூரத் தொகையை மிகக் குறைப்பதாகிய ஸ்தானம் மத்திய ரங்கமேயன்றி வேறில்லை! நதியின் வரிசையைப் பார்த்து முன்னோர் இட்ட பெயர், நதியை மறந்து சமதளத்தில் கணக்கிட்டாலும் செல்லுபடியாகிறது. அங்கிருந்து மற்ற இரு ரங்கங்களுக்கும் உள்ள தூரங்களின் தொகை ஏறத்தாழ 280 கிலோமீட்டர். இம்முக்கோணத்தின் நடுக்கோட்டு மையமோ அந்தியூருக்கும் மாதேசுவரன் மலைக்கும் இடைப்பட்ட மலைக்காடுகளில் விழுகிறது. அங்கிருந்து மூன்று ரங்கங்களுக்கும் உள்ள தூரங்களைக் கூட்டினால் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் ஆகிறது. வர்க்கத் தொகையை நோக்கினால் மட்டும் அந்த மலைக்காடு மத்திய ரங்கத்தை வென்றுவிடும். தூரத் தொகையில் மத்திய ரங்கம் ஏன் வெல்கிறது என்பதை இழுவிசைகளாக எண்ணிப் பார்க்கலாம்: மத்திய ரங்கத்தில் நிற்பவரை ஆதி ரங்கமும் அந்திய ரங்கமும் ஆளுக்கு ஒரு பங்கு வலிமையோடு இழுக்கின்றன, தூரம் எவ்வளவாயினும் வலிமை ஒரு பங்குதான். ஏறக்குறைய எதிரெதிர்த் திசைகளில் இழுப்பதால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அரைப் பங்கு அளவே எஞ்சுகிறது. அது மத்திய ரங்கத்தின் முழுப் பங்கை அசைக்கப் போதாது. அந்திய ரங்கம் அதே திசையில் இன்னும் எட்டத்தில் இருந்திருந்தாலும் முடிவு மாறாது.

இந்த இரண்டு பிரமாணங்களும் சரித்திரத்தில் எவ்வாறு எதிர்ப்பட்டன என்று பார்த்தால், அங்கும் முக்கோணங்களே குறுக்கிடுகின்றன; ஸ்ரீரங்கப்பட்டணமும் அந்தச் சரித்திரத்தின் ஓரத்தில் வந்து நிற்கிறது. பூமி துருவங்களில் எவ்வளவு தட்டையானது என்பதை அறிய ஐரோப்பியர் பதினெட்டாம் நூற்றாண்டில் பல நாடுகளில் தீர்க்கரேகை வழியே நெடுந்தூரங்களை முக்கோணத் தொடர்களால் அளந்தனர். அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ரகூசா நகரில் 1711-ல் பிறந்த போஸ்கோவிச் என்னும் ஜேசுசபைத் துறவி, தம் சபையைச் சேர்ந்த மெய்ர் என்பவரோடு 1750 முதல் 1752 வரை ரோமாபுரிக்கும் ரிமினிக்கும் இடையே இத்தகைய அளவை ஒன்றை நடத்தியவர். லாப்லாந்து, பாரிஸ், ரோம், நன்னம்பிக்கை முனை, கீட்டோ ஆகிய ஐந்து இடங்களின் அளவுகளை எதிரில் வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஒத்துவரும் ஒரே விதியைக் காண அவர் ஒரு நியாயத்தை வகுத்தார்: கூட்டல் பிழைகளின் தொகையும் கழித்தல் பிழைகளின் தொகையும் சமமாக இருக்கவேண்டும், குறிகளை நீக்கிப் பார்த்தால் பிழைகளின் மொத்தம் எவ்வளவு குறைய முடியுமோ அவ்வளவு குறையவேண்டும். இரண்டாவது நிபந்தனை நாம் மேலே கண்ட இடைநிலை அளவின் நிபந்தனையே. இதைத் தீர்க்கும் முறையை அவர் 1760-ல் வெளியிட்டது, இயற்கைத் தத்துவத்தை லத்தீன் செய்யுளில் பாடிய ஸ்டே என்பவரின் நூலுக்குத் தாம் எழுதிய உரைக்குறிப்பில் என்பது, சோதிடத்தையும் வைத்தியத்தையும் கணிதத்தையும் செய்யுளிலே போற்றிவைத்த நம் நாட்டாருக்கு அந்நியமாகத் தோன்றாது. பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் இம்முறையைக் கைக்கொண்டு 1799-ல் வெளிவந்த தம் வான் இயக்கவியல் நூலின் இரண்டாம் பாகத்தில் பூமியின் வடிவத்தை ஆராயும்போது பயன்படுத்தினார்.

அதே 1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை ஆங்கிலேயருக்கு வீழ்ந்து திப்பு சுல்தான் போரில் மடிந்தார். முற்றுகைப் படையில் இருந்த வில்லியம் லாம்டன் என்னும் அதிகாரி, ஓர் இரவு அணிவகுப்பில், படை வடக்கே திரும்பிச் செல்வதற்குப் பதிலாகத் தெற்கே பகைவரின் பாசறையை நோக்கிச் செல்கிறது என்பதை நட்சத்திரங்களைக் கொண்டு கண்டறிந்து தளபதி பேர்டுக்குச் சொன்னார். போர் முடிந்ததும் அவருடைய மனம் சென்றது வேறு காரியத்தில்: மைசூர் நாட்டின் வழியாகச் சோழமண்டலக் கரையையும் மலையாளக் கரையையும் முக்கோணங்களால் இணைத்து அளக்கவேண்டும், அதனோடு பூமியின் வடிவத்தையும் அறியவேண்டும் என்று அவர் விண்ணப்பம் செய்தார். சென்னைப் பரங்கிமலை அருகே 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அடிக்கோட்டு அளவை தொடங்கியது. பின்னர் இந்தியா முழுவதையும் தழுவிய மகா முக்கோண அளவையின் பிறப்பு அது. லண்டனில் செய்யப்பட்டு, வழியில் பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டு மொரீசியஸ் சென்று மீண்ட அரை டன் எடையுள்ள கோணமானி, 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றப்படும்போது கயிறு அறுந்து சுவரில் மோதிச் சிதைந்ததையும், லாம்டன் அதன் வட்டத்தைச் சிறிது சிறிதாக நிமிர்த்திச் சீர்செய்ததையும் படிக்கும்போது, ஒரு பாகையின் சிறு பின்னத்துக்காக மனிதர் எத்தனை பொறுமை காட்டினர் என்று வியப்பே உண்டாகிறது. அவர் 1823-ல் ஹிங்கன்காட்டில் உயிர்நீத்தபோதும் அந்த வேலையில்தான் இருந்தார்.

லாம்டன் தென்னாட்டை அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் பிரமாணம் மாறிவிட்டது. கணித அறிஞர்களான லெஜாந்தர் 1805-லும் கவுஸ் 1809-லும் பிழைகளின் வர்க்கங்களைக் குறைக்கும் முறையை வெளியிட்டனர். அந்த முறை வென்றதற்குக் காரணம் அது உண்மைக்கு எப்போதும் கிட்டியது என்பதன்று. வர்க்கங்களை வைத்துக்கொண்டால் சமன்பாடுகள் எளிதில் தீர்கின்றன, எத்தனை முக்கோணங்களானாலும் பிழையைப் பங்கிட்டுவிடலாம் என்பதும் பெரிய காரணம். போஸ்கோவிச்சின் முறையோ கையால் கணக்கிடுவோருக்குப் பெருஞ்சுமை. சிறு பிழைகள் இருபுறமும் சமமாகச் சிதறும் இடத்தில் வர்க்க முறையே மேலானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எழுதுபவர் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டார், கருவி ஒருநாள் தட்டுப்பட்டுவிட்டது என்பன போன்ற பெரும்பிழைகள் நுழையும் இடத்தில் சராசரி அந்தப் பிழையைத் தானும் சுமக்கிறது. இடைநிலை அளவு அதை ஒரு பக்கம் ஒதுக்கிவிடுகிறது. கணினி வந்த பிறகு கையால் கணக்கிடும் சுமை நீங்கிவிட்டபடியால், நெடுங்காலம் பின்தங்கியிருந்த அப்பழைய முறை மறுபடியும் ஆட்சிக்கு வந்திருக்கிறது.

இடைநிலை அளவே எப்போதும் உயர்ந்தது என்று கொள்வதும் தவறாகும். இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில் ஒரு மாட்டை அறுத்துச் சீர்செய்தபின் இருக்கும் எடையை ஊகித்து எழுதிய 787 சீட்டுகளை 1907-ல் ஆராய்ந்த ஆங்கில அறிஞர் கால்ட்டன், ஜனங்களின் தீர்ப்பு என்று இடைநிலை அளவான 1207 ராத்தலையே எடுத்துக்கொண்டார்; அவர் குறித்த உண்மை எடை 1198. சராசரியோ 1197 என்று பின்னர் அவரே தெரிவித்தார். அவ்விடத்தில் சராசரி வென்றது. நம் நாட்டில் புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் தேசிய மாதிரி ஆய்வை 1950-ல் நிறுவி, பின்னர் குடும்பங்களைச் செலவின் வரிசையில் நிறுத்திச் சமபங்குகளாக வகுத்து ஒப்பிடும் முறையை 1960-ல் வெளியிட்டபோது, வரிசை என்னும் பிரமாணத்தை ஒரு நடுப்புள்ளியோடு நிறுத்தாமல் அந்த வரிசை முழுவதற்கும் விரித்துவிட்டார். அது சரியான மார்க்கம். ஏனெனில் இடைநிலை அளவு நடுவில் நிற்பவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லுமேயன்றி, கடைசியில் நிற்பவர் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறார் என்பதைச் சொல்லாது.

காவேரிப் படுகையில் உழுது உண்பவர்களுக்கு இது புத்தகப் பேச்சன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு மேலே கிருஷ்ணராஜசாகரத்தில் தேங்கும் நீர் யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்க்க 1990-ல் அமைக்கப்பட்ட நடுவர் மன்றம், 2007 பிப்ரவரி 5-ஆம் தேதி அளித்த இறுதித் தீர்ப்பில், கீழணை வரையுள்ள படுகையின் மொத்த நீரை ஐம்பது சதவீத நம்பகத்தின்படி 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று கொண்டது. ஐம்பது சதவீத நம்பகம் என்பது ஆண்டுகளை நீர்வரத்தின் வரிசையில் நிறுத்திப் பாதி ஆண்டுகளில் இதற்குக் குறையாமல் வரும், பாதி ஆண்டுகளில் இதனினும் குறையும் என்று எல்லை வகுப்பது. அதாவது இடைநிலை அளவேதான். கிருஷ்ணா நதிக்குப் பச்சாவத் மன்றம் எழுபத்தைந்து சதவீத நம்பகத்தில் 2060 டி.எம்.சி. என்று கணக்கிட்டது; அது நான்கில் மூன்று ஆண்டுகளுக்கு வாக்குக் கொடுக்கிறது. காவேரிக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று. ஒருசில வெள்ள ஆண்டுகள் சராசரியை வீணே உயர்த்திவிடாமல் இடைநிலை அளவு காத்தது உண்மை. அதனால் அதைத் தேர்ந்ததைக் குறை கூறமாட்டேன். ஆனால் மீதிப் பாதி ஆண்டுகளில் பற்றாக்குறை எவ்வளவு ஆழமானது என்பதை 740 என்னும் எண்ணிலிருந்து யாராலும் கூற முடியாது. நீர் குறைந்த ஆண்டுகளில் அவரவர் பங்கை விகிதப்படி குறைத்துக்கொள்ளவேண்டும் என்று மன்றம் விதித்ததற்குக் காரணமும் அந்த எண்ணின் மௌனமே.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. அதைக் கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலத்து விவசாயிகளும் அறிந்திருப்பது நன்று. சராசரிகளைக் கூட்டலாம், பன்னிரண்டு மாதங்களின் சராசரி வரத்தைக் கூட்டினால் ஆண்டின் சராசரி வரத்து பிசகாமல் வந்துவிடும். இடைநிலை அளவுகளை அவ்வாறு கூட்ட முடியாது. ஜூன் மாதத்தின் நடு ஆண்டு ஒன்று, ஜூலையின் நடு ஆண்டு மற்றொன்று, ஆண்டு முழுவதற்கும் நடு ஆண்டு வேறொன்று. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி தமிழ்நாட்டின் பங்கை 419-இலிருந்து 404.25 டி.எம்.சி.க்குக் குறைத்து, இரு மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விடவேண்டிய நீரை 192-இலிருந்து 177.25 ஆக்கியபோதும், மொத்தம் 740 என்ற அடிப்படையை மாற்றவில்லை. அந்த 177.25, ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் வகுத்த இடைநிலையிலிருந்து பிறந்த ஒரு பங்கு இவ்வாறு மாதங்களுக்குப் பகிரப்படும்போது, ஒவ்வொரு மாதமும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அது நிறைவேறும் என்று எண்ணுவதற்குக் கணிதத்தில் இடமில்லை. ஜூனில் மழை தவறும் ஆண்டுகளின் கணக்கு தனி. செப்டம்பரில் தவறும் ஆண்டுகளின் கணக்கு தனி. மாதந்தோறும் வரத்தை வரிசைப்படுத்தி, அந்த வரிசையில் நான்கில் ஒரு பங்கு ஆண்டுகள் எதற்குக் கீழே விழுந்தன, பத்தில் ஒரு பங்கு எதற்குக் கீழே விழுந்தன என்னும் எண்களையும் 740-க்கு அருகே அச்சிட்டு, மண்டியாவிலும் தஞ்சையிலும் நாற்று விடுவதற்கு முன்பே உழவர் கையில் கொடுக்கவேண்டும்.